காமிக்ஸை டிஜிட்டலில் வாங்கினால் அது நமக்குச் சொந்தமாகுமா? அச்சில் வாங்குவதுதான் சரியா?

காரைக்குடியில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன். அதனால் யாராவது 'சொந்தம்' என்றால், எந்தப் பத்திரத்தில் வந்த சொந்தம் என்றுதான் என் புத்தி போகும். கிரயமா, ஒத்தியா, வாடகையா?

கிரயப் பத்திரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டே அடிக்கிற வரி ஒன்று உண்டு. சொத்தை வாங்குகிறவர் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்' ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பிள்ளை பேரனுக்கு விடலாம், சும்மா கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்று அர்த்தம். ஆன்லைன் கடையில் பணம் கட்டி வாங்கிய ஒரு காமிக்ஸை இதில் எந்த ஒன்றையாவது செய்து பாருங்கள். பெரும்பாலான கடைகளின் விதிமுறையில் கணக்கை இன்னொருவருக்கு மாற்றக்கூட முடியாது. 'வாங்கு' என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது படிப்பதற்கான அனுமதி.

சரி, ஒத்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் பொருந்தவில்லை. ஒத்தி வீட்டைக் காலி செய்தால் கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வரும். 2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்களை வாசகர்கள் திறக்க முடியாமல் போனது. ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது ஒத்தி. 2013ல் ஜேமங்கா என்ற ஜப்பானியக் காமிக்ஸ் தளம் மூடப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் மே மாதத்துக்குப் பிறகு தங்கள் புத்தகங்களைப் பார்க்கவே முடியவில்லை. அதற்கு எங்கள் ஆபீஸில் பத்திரமே கிடையாது.

எல்லாக் கடையும் இப்படி ஓடிப்போகும் என்று சொல்ல வரவில்லை. 2007ல் தொடங்கிய காமிக்ஸாலஜி என்ற டிஜிட்டல் காமிக்ஸ் கடையை 2014ல் அமேசான் வாங்கியது. 2023 டிசம்பரில் அதன் தனிச் செயலியை நிறுத்தி எல்லாவற்றையும் தங்கள் மின்புத்தகச் செயலியான கிண்டிலுக்குள் கொண்டுபோனார்கள். புத்தகங்கள் போகவில்லை, வாசல்தான் மாறியது. ஆனால் வாசலை மாற்றலாமா என்று குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் வைத்திருக்கிறது: இது வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்று எழுதக் கூடாது. இணையம் இல்லாமலும் திறக்கிற மாதிரி நிரந்தரமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே ஒரு வார்த்தைக்காகச் சட்டம். எனக்கு ரொம்பப் பிடித்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்து, பழைய காமிக்ஸின் பொடி எழுத்து படிக்க முடியாமல் போனதும் டேப்லெட்டில் வாங்க ஆரம்பித்தேன். விரலால் இழுத்தால் பலூன் பெரிதாகிறது, படுத்துக்கொண்டே படிக்கலாம், நன்றாகத்தான் இருந்தது. நாற்பது புத்தகம் சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கு என் பழைய சிம் எண்ணில் இருந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எண் வேறு யாருக்கோ போய்விட்டது. டேப்லெட்டை மாற்றியபோது உள்ளே நுழைய ஓடிபி கேட்டது. அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பெரியவர் எடுத்தார், பின்னால் தறி ஓடும் சத்தம். "சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், கொஞ்சம் சொல்றீங்களா" என்று இந்தக் காலத்தில் யாரிடம் கேட்க முடியும்? ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். கடைக்காரர்களுக்கு எழுதினேன், மரியாதையாகப் பதில் வந்தது: பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறோம். தப்பு பாதி என்னுடையதுதான். ஆனால் சிம் கார்டு போனதற்காக யாருடைய பீரோவும் பூட்டிக்கொண்டதில்லை.

அச்சுக்கு வருவோம். நாங்கள் வளர்ந்தது கோட்டையூரில். எண்பதுகளின் கடைசியில் கோடை லீவு வந்தால் அண்ணன் எங்கள் வீட்டுத் திண்ணையில் வாடகை நூலகம் போடுவான். முத்து, லயன், ராணி காமிக்ஸ் மூன்றையும் கொடிக்கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுவான். அங்கேயே உட்கார்ந்து படித்தால் பத்து பைசா, வீட்டுக்கு என்றால் இருபது. கணக்கு நோட்டு என்னிடம். இரும்புக்கை மாயாவி கிழிந்து வந்தால் அபராதம், தர மறுத்தால் ஐயாவிடம் பஞ்சாயத்து. அந்தக் கடையைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்குமோ என்னவோ, சின்னப் பையன்களை யார் கேட்டார்கள். ஆனால் படித்ததைப் பழைய புத்தகக் கடையில் விற்பதற்குத் தடையே இல்லை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14வது பிரிவு, பிரதிகளை வெளியிடும் உரிமையைப் படைப்பின் உரிமையாளருக்குக் கொடுக்கும்போதே, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பிரதிகளை அதிலிருந்து விலக்கிவைக்கிறது. ஒரு தடவை விற்ற பிரதியின் பின்னால் பதிப்பாளர் வர முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதிலிருந்து சிவகாசிக்காரர்கள் போட்ட கதைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கதைகள். மாயாவி பிரிட்டன், டெக்ஸ் வில்லர் இத்தாலி. தமிழில் போட்டவர்களுக்கே கதை சொந்தமில்லை, உரிமம்தான். ஆனாலும் அவர்கள் எனக்கு விற்ற புத்தகம் எனக்குக் கிரயம். அவர்களுடைய உரிமம் நாளைக்கே முடிந்தாலும் என் பெட்டியிலிருந்து ஒரு பக்கத்தை உருவ முடியாது.

எங்கள் ஊர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் கோட்டையூர் வீட்டில் சேர்த்துவைத்தார். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கி, 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. அவர் அத்தனையையும் ஒரு கணக்கில் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தால் குடும்பத்தார் எதை விற்றிருக்க முடியும்?

அதற்காக அச்சைத் தலையில் தூக்கிவைத்து ஆடமாட்டேன். பழைய காமிக்ஸெல்லாம் மலிவான நியூஸ்பிரிண்ட். அதில் இருக்கும் லிக்னின் என்ற மரச்சத்து வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, கடைசியில் முறுக்கு மாதிரி நொறுங்கும். மீதியைக் கரையான் பார்த்துக்கொள்ளும். அதனால் கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது: ஒருமுறை படித்துவிட்டு மறக்கப்போகிற கதையென்றால் டிஜிட்டலில் வாங்குங்கள், வாடகை என்று நினைத்துக்கொண்டு. பூட்டு இல்லாத பிடிஎஃப் ஆகவோ, காமிக்ஸ் பக்கங்களை ஒரே கோப்பாகக் கட்டிய சிபிஇசட் ஆகவோ இறக்கித் தருகிற இடங்களும் இருக்கின்றன. அமெரிக்கப் பதிப்பகமான இமேஜ் காமிக்ஸ் 2013லேயே அப்படி விற்றது. அவற்றை இரண்டு இடத்தில் நகல் வைத்துக்கொள்ளுங்கள், அது கிட்டத்தட்ட கிரயம். டெலிகிராமில் சுற்றுகிற ஸ்கேன் பிடிஎஃப் யாருக்கும் சொந்தமில்லை, அது புறம்போக்கில் போட்ட குடிசை. திரும்பத் திரும்ப எடுக்கப்போகிற, யாருக்காவது கொடுக்கப்போகிற புத்தகத்தை அச்சில் வாங்குங்கள். வசம்பும் வேப்பிலையும் போட்டு வையுங்கள்.

2016ல் கோட்டையூர் வீட்டை விற்றபோது பரணிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை இறக்கினோம். அடியில் பாதி மண்ணாகியிருந்தது. தேறியது அறுபத்துச் சொச்சம். முதல் பக்கங்களில் அண்ணன் பெயர் நீல மையில், அதன் கீழே என் பெயர் பென்சிலில். நான் ஆபீஸிலிருந்து வெள்ளைத்தாள் கொண்டுவந்து விளையாட்டாக ஒரு பாகப்பிரிவினை அடித்தேன். 'அ' ஷெட்யூல் அண்ணனுக்கு: டெக்ஸ் எல்லாம். 'ஆ' ஷெட்யூல் எனக்கு: மாயாவி, ஸ்பைடர். அப்பத்தா ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம் சாட்சிக் கையெழுத்து. பைண்டு வால்யூம் ஒன்றுதான் தகராறு, அதில் இரண்டு பேருடையதும் கலந்து தைத்திருந்தது. பொதுக் கிணறு, பொது நடைபாதை எழுதுகிற மாதிரி அதைப் பொதுவில் நிறுத்தினோம்: ஆறு மாதம் திருப்பூரில் அவனிடம், ஆறு மாதம் என்னிடம்.

இந்தத் தையில் எனக்கு வந்திருக்க வேண்டும். போன் போட்டால் "இந்தா, அடுத்த வாரம் கூரியர் போடுறேன் ஆத்தா" என்கிறான். ஆடி பிறந்துவிட்டது.