‘ஒரே ஒரு ராத்திரி நடை’ என்கிறார் ஏஜென்ட்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறான். 42 லட்சம் கொடுத்தால் அமெரிக்கா அனுப்புவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். மெக்சிகோ வரை விமானமாம், அங்கிருந்து ‘ஒரே ஒரு ராத்திரி நடக்கணும், அவ்வளவுதான்’ என்கிறார். அட்வான்ஸ் 2 லட்சமும் பாஸ்போர்ட்டும் கொடுத்தாயிற்று. மீதிப் பணத்துக்கு வியாசர்பாடி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க அம்மா தயாராகிவிட்டார். தம்பியோ, “கத்திரி வெயில்லயே வெல்டிங் அடிக்கிறவன், எனக்கென்ன?” என்கிறான். என் கணவர், “சட்டத்தை மீறிப் போறவன் செத்தா அது அவன் தலையெழுத்து, நீ தலையிடாதே” என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. அவனை எப்படித் தடுப்பது? என் கணவர் சொல்வதுதான் நியாயமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-39

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தம்பியிடம் ஒரு வேலை கொடுங்கள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதன் எடை 20 கிலோ. ஏஜென்ட் சொல்லும் அந்த நடைக்கு அப்படி ஒரு கேன் போதாது. இரண்டு வேண்டும்.

கணக்கு இதுதான். மெக்சிகோ எல்லையைத் தாண்டியதும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விரிவது சொனோரன் பாலைவனம். வெயில் காலத்தில் அங்கே நடக்கிற ஆள் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வையைச் சர்வசாதாரணமாக இழக்கிறான். ஒரு நாளைக்குக் குறைந்தது 8 முதல் 10 லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். நான்கு நாள் நடை என்றால் 30 லிட்டருக்கு மேல், அதாவது 30 கிலோவுக்கு மேல். அந்தச் சுமையோடு கிண்டியிலிருந்து செங்கல்பட்டு வரை, ரோடே இல்லாமல், கல்லிலும் முள்ளிலும், டார்ச் அடிக்காமல் இருட்டில் நடப்பதாக நினைத்துப் பாருங்கள். அங்கே நடக்க வேண்டிய தூரத்தில் ஏறத்தாழ பாதிதான் வந்திருப்பீர்கள். யாராலும் அவ்வளவு தண்ணீர் சுமக்க முடியாது. அதனால்தான் அங்கே போகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு காலன் கேன் இரண்டு, ஏழரை லிட்டர். வெள்ளை பிளாஸ்டிக் நிலா வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும் என்பதால் கறுப்புக் கேன். முதல் நாளைக்கே அது போதாது. அதன்பின் மாடுகளுக்குக் கட்டிவைத்த தொட்டியில் பாசி பிடித்த தண்ணீர். அதைக் குடித்து வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரும் போய்விடும்.

வேலியைத் தாண்டுவது சில நிமிட வேலைதான். ஏஜென்ட் காட்டிய வீடியோவில் அதைத்தான் பார்த்திருப்பீர்கள். தாண்டிய பக்கத்தில் ஊர் இருக்காது. சசாபே என்ற எல்லைச் சிற்றூரிலிருந்து டூசான் நகரம் சுமார் 110 கிலோமீட்டர். சாலையில் போனால் ரோந்துக்காரர்கள் பிடிப்பார்கள் என்று மலை ஏறி, வறண்ட ஓடையில் இறங்கி, பகலெல்லாம் புதருக்கடியில் படுத்து, இரவில் நடப்பார்கள். மூன்று நாள், நான்கு நாள், சில குழுக்களுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். ‘ஒரு ராத்திரி’ என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? எல்லையைத் தாண்டியதும் காவலர்களிடம் சரணடைந்து அடைக்கலம் கேட்டால் போதும் என்று சில ஆண்டுகளாக ஏஜென்ட்கள் சொல்லி வந்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று, தெற்கு எல்லையில் அப்படி நுழைந்து அடைக்கலம் கேட்கும் வழியை அடைக்கும் அறிவிப்பை அமெரிக்க அதிபர் வெளியிட்டார். அந்த வழி திறந்திருந்த காலத்திலும் தூரம் குறைவு என்பது உயிருக்கு உத்தரவாதமாக இருக்கவில்லை. 2019 ஜூன் மாதம், லூக்வில் என்ற ஊருக்கு மேற்கே, கடத்தல்காரர்கள் ஒரு சிறு இந்தியக் குழுவை இறக்கிவிட்டுப் போனார்கள். 42 டிகிரி வெயில். தாய் தண்ணீர் தேடிப் போனார். அவருடைய 6 வயது மகள் பிணமாகக் கிடைத்தாள். எல்லைக்கோட்டிலிருந்து அந்த இடம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான்.

இனி, கத்திரி வெயில் பேச்சு. சென்னையிலும் 45 டிகிரி வந்திருக்கிறது, 2003 மே 31 அன்று. ஆனால் இங்கே சட்டை நனைந்து முதுகில் ஒட்டுகிறது, புழுங்குகிறது, உடனே தண்ணீர் கேட்கத் தோன்றுகிறது. அரிசோனாக் காற்றில் ஈரமே இல்லை. வியர்வை தோலுக்கு வந்த நொடியே காய்ந்துவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும். ‘எனக்கு வேர்க்கவே இல்லையே’ என்று தோன்றும் நேரத்தில் இரண்டு லிட்டர் போயிருக்கும். தம்பிக்கு வெல்டிங் ஷெட்டில் கிடைக்கிற நிழல், டீ, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், ஒரு மணிக்குச் சாப்பாடு எதுவும் அங்கே இல்லை. மதிய நேரத்து மண்ணின் சூடு 60 டிகிரியைத் தாண்டும், அதன் மேல்தான் படுத்துத் தூங்க வேண்டும்.

பிசகு எப்படி ஆரம்பிக்கிறது என்று சொல்கிறோம், தம்பியிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். முதலில் கால் கொப்புளம். புது ஷூ, சாக்ஸுக்குள் மணல், இரண்டாம் நாள் தோல் உரிந்து ரத்தம். சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் கொப்புளம் வந்தவன் பின்தங்குவான், பின்தங்கியவனுக்காகக் குழு நிற்காது. ‘கயோட்டி’ என்று அழைக்கப்படும் வழிகாட்டிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவனுக்காக நின்றால் மற்றவர்களும் பிடிபடுவார்கள், அவன் கூலி போய்விடும். அதனால் ‘இங்கேயே உட்கார், ஆள் அனுப்புகிறேன்’ என்பான். யாரும் வரமாட்டார்கள். களைப்பு தெரியாமல் நடக்க மாத்திரை கொடுப்பதும் உண்டு. அது களைப்பை மறைக்கும், உடம்புச் சூட்டை ஏற்றும். உப்பு இல்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வாந்தி, தலைசுற்றல், வலிப்பு வரை போகும். தண்ணீரே இல்லாவிட்டால் தசை சிதைந்து சிறுநீரகம் அடைபடும், சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வரும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் புத்தி தடுமாறும். தெற்கு எது வடக்கு எது தெரியாது, கையில் தண்ணீர் இருந்தாலும் குடிக்கத் தோன்றாது. இங்கே யாராவது வெயிலில் மயங்கி விழுந்தால் தண்ணீரை ஊற்றி, விசிறி, ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறோம். அங்கே மயங்கியவனைக் குளிர்விக்க ஊற்றவும் தண்ணீர் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் திடீர் மழை வந்து ஓடையில் வெள்ளம் பாயும். குளிர்கால இரவில் உறைபனி. எந்த மாதமும் நல்ல மாதம் இல்லை.

டூசான் நகரம் இருக்கும் பீமா கவுண்டியின் பிரேத பரிசோதனை அலுவலகம் 2000-ஆம் ஆண்டு முதல் இப்படி 3,000-க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களைக் கையாண்டிருக்கிறது. அவர்களில் 1,000-க்கும் மேற்பட்டோர் யார் என்றே இன்றுவரை தெரியவில்லை. அமெரிக்க–மெக்சிகோ எல்லை முழுவதிலும் 2022-இல் மட்டும் 686 பேர் இறந்ததாகவோ காணாமற்போனதாகவோ சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு பதிவு செய்தது. நிலவழிகளில் உலகிலேயே அதிக உயிர் குடித்த வழி அதுதான் என்றும் சொன்னது.

உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறோம். சட்டத்தை மீறுவது சரி என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவரும் பார்க்கட்டும். அனுமதியில்லாமல் முதல்முறை எல்லை தாண்டியவனுக்கு அமெரிக்கச் சட்டம் விதிக்கும் சிறைத்தண்டனை அதிகபட்சம் 6 மாதம். தாகத்தில் சாவது எந்தச் சட்டப் புத்தகத்திலும் தண்டனையாக எழுதப்படவில்லை. பின் ஏன் சாகிறார்கள்? 1990-களின் நடுவில் சான் டியகோ, எல் பாசோ போன்ற ஊர்களை ஒட்டிய எல்லையில் காவலை இறுக்கினார்கள். ஆட்கள் வரத்து நிற்கவில்லை, பாலைவனத்துக்குத் திரும்பியது. ஆளரவமற்ற வழியில் வருகிறவர்கள் உயிராபத்தில் சிக்கலாம் என்று 1994-இல் எல்லைக் காவல்படை எழுதிய திட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்தேதான் அந்த வழியை மிச்சம் வைத்தார்கள். இதைத் தலையெழுத்து என்று எப்படிச் சொல்வது?

அந்த ஊரிலேயே இதைப் பொறுக்காதவர்கள் இருக்கிறார்கள். ‘ஹியூமேன் பார்டர்ஸ்’ என்ற அமைப்பினர் நீல நிறப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி, தூரத்திலிருந்து தெரியும்படி உயரக் கம்பத்தில் நீலக்கொடி கட்டி வைக்கிறார்கள். ‘நோ மோர் டெத்ஸ்’ தன்னார்வலரான ஸ்காட் வாரன் என்ற ஆசிரியர், எல்லை தாண்டி வந்த இருவருக்குச் சோறும் தண்ணீரும் படுக்க இடமும் கொடுத்ததற்காக 2018 ஜனவரியில் கைதானார். 2019 நவம்பரில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள். சித்திரையில் நம் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் வருகிறவனிடம் ஆதார் அட்டை கேட்பதில்லை. உங்கள் கணவரும் கேட்கமாட்டார் என்றே நம்புகிறோம்.

உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களின் நியாயம் வேறு. ஈழத்திலிருந்து தப்பி அந்த எல்லையைத் தாண்டிய ஒரு தமிழர், வேலியிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். அவருடைய அடைக்கல மறுப்பை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டியதில்லை என்று 2020 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிஜமான ஆபத்தோடு போனவருக்கே கதவு அவ்வளவு குறுகல். ஏஜென்ட் உங்கள் தம்பிக்கு ஒரு பொய்க்கதையைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினால், நாளை நிஜக்கதையோடு வருகிறவனையும் அது சந்தேகத்தில் தள்ளும்.

இப்போது கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறோம், மன்னியுங்கள். அந்தப் பாலைவனத்தில் எல்லைக் காவல்படை ஆங்காங்கே உதவிக் கம்பங்கள் நட்டிருக்கிறது. உச்சியில் விளக்கு, கீழே ஒரு சிவப்புப் பட்டன். அழுத்தினால் ஆள் வருவார்கள், தண்ணீர் கிடைக்கும், பிடிபடுவோம், திருப்பி அனுப்புவார்கள். சிக்னல் கிடைக்கிற இடத்தில் அந்நாட்டு அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தாலும் அப்படித்தான். செத்துக்கொண்டிருப்பவன் ஏன் பட்டனை அழுத்தாமல் கடந்து போகிறான்? வீட்டுப் பத்திரம் அடகில் இருக்கிறது, மாதம் பிறந்தால் வட்டி, அம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்புதான். 42 லட்சம் கடன் வாங்கிக் கொடுத்து அனுப்பினால், திரும்பி வரும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள். அம்மாவிடம் பேச வேண்டியது இதைத்தான்.

உயிரோடு போய்ச் சேர்ந்தாலும் கதை முடிவதில்லை. 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களைக் கைவிலங்கு, கால்விலங்கோடு ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்கினார்கள். விரைவு வெளியேற்ற உத்தரவு பெற்றால் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழையத் தடை. பின்னால் முறையான வேலை கிடைத்தாலும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும்.

இனி, இந்த வாரமே செய்ய வேண்டியவை. முதலில் பாஸ்போர்ட். அது இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்துவைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை. தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போய்க் கேளுங்கள். தராவிட்டால் வேப்பேரியில் உள்ள மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில், மத்தியக் குற்றப்பிரிவுக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பணம் போன வங்கிப் பதிவு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் ஆடியோ, ஏஜென்ட்டின் விசிட்டிங் கார்டு எதையும் அழிக்காதீர்கள். தம்பியின் போனிலிருப்பதை உங்கள் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கொடுத்த தேதி, இடம், உடனிருந்தவர் பெயரை இன்றே எழுதிவையுங்கள். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் ஏஜென்ட்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். 42 லட்சம் என்ற எண்ணே போதும், அது வேலைவாய்ப்பு அல்ல என்று தெரிந்துகொள்ள.

தம்பியின் ஆசை தப்பில்லை. வெல்டிங் தெரிந்த டிப்ளமோக்காரருக்கு ஜெர்மனி, ஜப்பான், வளைகுடா என்று நேர்வழிகள் உண்டு. கிண்டியில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஜெர்மன் மொழியை பி1 நிலை வரை படிக்க ஏறத்தாழ ஒரு வருடமாகும். ஆனால் அதற்கு வீட்டுப் பத்திரம் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் போகத்தான் செய்வேன் என்றால், அவனை உட்காரவைத்து, ‘பணம் போனால் போகட்டும், பட்டனைப் பார்த்தால் அழுத்து’ என்று அம்மாவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நடுவழியில் அறையில் பூட்டிவைத்து, ‘இன்னும் 5 லட்சம் அனுப்பு’ என்று போன் வரலாம். அப்படி வந்தால் எண், நேரம், குரல்பதிவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு உடனே காவல்துறையிடம் போங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்திலும் அன்றே பதிவு செய்யுங்கள். ஒரு கவரில் பாஸ்போர்ட் நகல், சிரித்தபடி பல் தெரியும் போட்டோ, பல் டாக்டரிடம் எடுத்த எக்ஸ்ரே, உடம்பிலுள்ள தழும்பு, பச்சை, எலும்பு முறிந்த இடம் பற்றிய குறிப்பு, போட்டுச் செல்லும் ஷூவின் படம், அவன் உபயோகித்த பல்துலக்கி ஆகியவற்றைப் போட்டு ஒட்டிவையுங்கள். டூசானில் பெயர் தெரியாமல் கிடக்கும் எலும்புகளை இன்னார் என்று சொல்ல உதவுபவை இவைதான். அந்தக் கவரை நீங்கள் தயார் செய்யும்போது தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். வலது முழங்கையில் இருப்பது வெல்டிங் பொறி பட்ட தழும்பா, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததா என்று அவனிடமே கேட்டு எழுதுங்கள்.