ராணுவ அதிகாரியாக இருந்துகொண்டே வக்கீலாகவும் தொழில் செய்ய முடியுமா? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

இதற்கு வந்திருக்கும் பதில்களில் பாதி சினிமா பார்த்துவிட்டு எழுதியவை. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன். ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜாக்கில் ஷார்ட் சர்வீஸ் (குறிப்பிட்ட சில வருஷங்கள் மட்டும் பணி) அதிகாரியாக இருந்து மேஜராக வெளியே வந்தவள் நான். இப்போது சென்னையில் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிறேன்.

நீங்கள் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் என்று வைத்துக்கொள்கிறேன். நேரடியான பதில்: முடியாது. சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. (ஓரிரு விதிவிலக்கு உண்டு, எனக்கும் தெரியும், கமெண்டில் வந்து சட்டம் சொல்லித் தர வேண்டாம்.) சீருடையில் இருக்கும்வரை உங்களுக்குக் கட்சிக்காரர் என்று யாரும் கிடையாது. கமாண்டருக்குச் சட்ட ஆலோசனை எழுதித் தர வேண்டும், கோப்பு பார்க்க வேண்டும், கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவத்துக்குள்ளேயே நடக்கும் குற்ற விசாரணை, நடந்தால் ஜட்ஜ் அட்வகேட்டாகப் போய் உட்கார வேண்டும்.

அந்த ஜட்ஜ் அட்வகேட் வேலையைத்தான் வெளியில் யாரும் புரிந்துகொள்வதில்லை. பெயரில் ஜட்ஜ் இருக்கிறது, ஆனால் ஓட்டு கிடையாது. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்காருவார்கள், பெரும்பாலும் சட்டம் படிக்காதவர்கள், குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது அவர்கள்தான். சாட்சியம் எது செல்லும், எது செல்லாது, எதை நிரூபித்தால் குற்றம் என்று அவர்களுக்கு விளக்குவதோடு நம் வேலை சரி. கதவைச் சாத்திக்கொண்டு கருத்துக் கேட்கும்போது ரேங்கில் சின்னவர்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர் எங்கே மாற்றிப் பேசப் போகிறார், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. யார் என்ன சொன்னார்கள் என்று வெளியே சொல்ல மாட்டேன் என சத்தியம் செய்திருக்கிறேன், சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு இளம் கேப்டன், தன் முறை வருவதற்குள் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி, அது மேஜைக்கடியில் உருண்டு ஓடி, கர்னல் குனிந்து எடுத்துக் கொடுத்ததைச் சொன்னால் தப்பில்லை. அப்புறம், அங்கே தீர்ப்பு சொன்னாலும் மேலதிகாரி உறுதி செய்யும்வரை அது செல்லாது.

சம்மரி கோர்ட் மார்ஷல் என்று ஒன்று இருக்கிறது, அதில் 5 பேர் உட்கார்ந்து முடிவு செய்வதும் கிடையாது. யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே கோர்ட், வக்கீல் கூட இருந்து ஆலோசனை சொல்லலாம், வாதாடவோ குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது. கட்டுப்பாடு உடனுக்குடன் நிலைக்க அது தேவை என்பார்கள், எல்லையில் இருக்கும் யூனிட்டுக்கு அது சரியாகவும் இருக்கலாம். இதைச் சொன்னதற்கு ராணுவத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்று கிளம்பி வருபவர்கள் தாராளமாக வரலாம், அங்கே சாப்பிட்ட உப்பை நான் மறக்கவில்லை.

வெளியே வந்தபின் நடக்கும் வக்கீல் தொழில் வேறு மாதிரி. தீர்ப்பாயம் 2007-இல் வந்த சட்டத்தின்படி 2009-இல்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு சிப்பாய் தன் பென்ஷனுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என்னிடம் வருவதில் பெரும்பாலானவை ஊனமுற்றோர் பென்ஷன் வழக்குகள். வேலூர் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற நாயக் (சிப்பாய்க்கு மேலே உள்ள ரேங்க்) வந்தார். நாற்காலி இருக்கிறது, உட்காரவில்லை, அணிவகுப்பில் நிற்பதுபோல விஷ்ராமில் நின்றபடியே பேசுகிறார். "பைட்டியே" (உட்காருங்கள்) என்று இந்தியில் சொன்னதும்தான் உட்கார்ந்தார். ரத்த அழுத்தம், 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று மெடிக்கல் போர்டு எழுதியிருக்கிறது. ஆனால் நோய் அமைதிப் பகுதியில், அதாவது சண்டை இல்லாத இடத்தில், இருக்கும்போது வந்தது, அதனால் ராணுவ சேவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆளைச் சேர்க்கும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் இல்லையென்றால், பின்னால் வந்தது சேவையால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் 2013-இலேயே சொல்லிவிட்டது. 2014-இல் ராம் அவ்தார் வழக்குக்குப் பிறகு 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடவும் கேட்கலாம். கேட்டோம், கிடைத்தது. அந்த மாதிரி ஒற்றை வரிகள் உள்ள கோப்புகளை ஒரு காலத்தில் நானும் மேஜையின் அந்தப் பக்கம் இருந்து பார்த்தவள் என்பதால் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று தெரியும். என் படிப்பைவிட அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

"பென்ஷனும் வாங்கிக்கொண்டு எங்கள் பிழைப்பிலும் கை வைக்கிறீர்களே" என்று பார் அறையில் கேட்பார்கள். எனக்குப் பென்ஷனே கிடையாது சாமி. 20 வருஷம் முடிக்காத ஷார்ட் சர்வீஸ் அதிகாரிக்குப் பென்ஷன் இல்லை. 2008-இல் ஜாக் பெண்களுக்கு நிரந்தர கமிஷன் (ஓய்வு வயதுவரை பணி) அறிவித்தபோது நான் வெளியே வந்தாகிவிட்டது.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வீடு தேடிப் பாருங்கள். மேஜர் என்றால் காபி வரும். இப்போது என்ன செய்கிறீர்கள் என்பார்கள், வக்கீல் என்றதும் "ஐயோ, ஊரிலிருந்து பையன் வருகிறான், நாங்களே குடிவரப் போகிறோம்" என்பார்கள். அதே வீட்டுக்கு அடுத்த வாரம் டு-லெட் போர்டு தொங்கும். வாடகையை ஒரு மாதம்கூட பாக்கி வைத்தவள் இல்லை நான். பேங்க் லோன் கதையை எழுதினால் தனிப் பதிலாகிவிடும்.

சரி, உங்கள் விஷயம். ஜாக்கில் சேர எல்.எல்.பி.யில் 55 சதவீதம், வயது 21 முதல் 27, இப்போது கிளாட் (சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) முதுநிலைத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கிறார்கள். தனி எழுத்துத் தேர்வு இல்லை, எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்வு செய்யும் வாரியம்) நேர்முகம், மருத்துவம், பிறகு பயிற்சி. நீங்கள் பெண்ணாக இருந்தால் இன்னொன்று: ஆண்களுக்கு 6 இடம், பெண்களுக்கு 3 இடம் என்று வந்த அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ரத்து செய்து, பொதுவான ஒரே தகுதிப் பட்டியல்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பழைய வலைப்பதிவுகளில் இருக்கும் இட எண்ணிக்கையை நம்பாமல் புது அறிவிப்பைப் பாருங்கள்.