ஆங்கிலத்தில் 46 மதிப்பெண்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதமும், மகளின் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலும், ஆங்கில விடைத்தாளின் படங்களும் கிடைத்தன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் பயின்று, பிளஸ் டூ அரையாண்டில் கணிதத்தில் 91, இயற்பியலில் 84, வேதியியலில் 87 பெற்றிருக்கும் பெண், ஆங்கிலத்தில் 46 மட்டுமே எடுத்திருக்கிறாள் என்பதற்காக, பொறியியல் ஆசையை விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வேண்டாம். தங்கள் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப், அதாவது தரவரிசையைத் தீர்மானிக்கும் மதிப்பெண், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. தங்கள் மகளின் இப்போதைய மதிப்பெண்களைக் கொண்டு பார்த்தால் 91, 42, 43.5 சேர்ந்து 176.5 வருகிறது. இந்தக் கணக்கில் ஆங்கிலத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் 46 எடுத்தாலும் 96 எடுத்தாலும் கட்-ஆஃப் மாறாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் அவள் வருவதால், அதற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஆங்கில இலக்கியம் போன்ற படிப்புக்குத்தான் ஆங்கில மதிப்பெண் தரவரிசையைத் தீர்மானிக்கிறது.

எனவே பொதுத்தேர்வைப் பொறுத்தவரை ஆங்கிலத்தில் அவளுக்கு வேண்டியது ஐயத்துக்கு இடமில்லாத தேர்ச்சி. தேர்ச்சிக்கு 35 போதும் என்றாலும், 46 என்பது நிம்மதியாக இருந்துவிடக்கூடிய இடைவெளி அன்று. உடல்நலம் சரியில்லாத ஒரு காலைப்பொழுது அதைக் கரைத்துவிடும். அறுபதைத் தாண்டிவிட்டால் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடலாம். அது எட்டக்கூடியதுதானா என்பதற்கு அவள் விடைத்தாளே பதில் சொல்கிறது.

அந்தத் தாளை வரிவரியாகப் படித்தேன். ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபதில் பதின்மூன்று சரி. ஐந்து மதிப்பெண்ணுக்கான உரைநடைப் பத்தி வினாவில், கைடில் உள்ள விடையின் முதல் மூன்று வரிகளை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். நான்காவது வரி நினைவுக்கு வராமல் பாதியில் நின்றிருக்கிறது. அதன்பின் அரைப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கிடைத்தது 1. செய்யுள் பத்தியிலும் இதே கதை. ஆனால் வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தை, மனப்பாடம் செய்ய வாய்ப்பில்லாததாலோ என்னவோ, சொந்தமாக எழுதியிருக்கிறாள். ‘ஐ ஆம் கம்ப்ளீட்டட் மை டிகிரி’ என்பது போன்ற பிழைகள் அதில் நான்கைந்து உண்டு. இருந்தும் முகவரி, பொருள், தகுதி, கையொப்பம் எல்லாம் உரிய இடத்தில் இருந்ததால் ஆசிரியர் 3 கொடுத்திருக்கிறார். தவறோடு எழுதிய சொந்த வாக்கியம், பிழையற்ற மனப்பாடத்தைவிட அதிகமாக ஈட்டியிருக்கிறது என்பதை அவளுக்கு இந்தத் தாளை வைத்தே காட்டுங்கள்.

பிளஸ் டூ ஆங்கில எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்களில் 35, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு உரியவை. மீதமிருக்கும் வாரங்களில் அவள் உழைக்க வேண்டிய இடம் இதுவே. பாடத்தின் கதையைத் தமிழில் அவள் நன்றாகச் சொல்வாள். அதை எட்டுச் சிறிய ஆங்கில வாக்கியங்களாக, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதட்டும். நீண்ட வாக்கியம் வேண்டாம், அலங்காரம் வேண்டாம். எழுதியதைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். அவள் செய்யும் பிழைகள் எண்ணற்றவை அல்ல. நடந்து முடிந்த செயலுக்குரிய வினை வடிவமும், பெயர்ச்சொல்லுக்கு முன் வரும், தமிழில் இல்லாத ‘எ’, ‘தி’ என்னும் சிறுசொற்களும் சேர்ந்தே பெரும்பாலானவற்றைக் கொண்டுவருகின்றன. இந்த இரண்டையும் கவனித்தாலே தாளின் முகம் மாறிவிடும்.

ஸ்பீக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இப்போதே சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அந்த வகுப்பு கற்றுத்தருவது வேறு, இந்தத் தேர்வு கேட்பது வேறு. கணிதத்துக்குரிய மாலை நேரத்தைத்தான் அது தின்னும்.

இனி, தாங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளிலிருந்து விரிவுரை, பாடநூல், ஆய்வகக் குறிப்பேடு, பருவத்தேர்வு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழியில் வந்த பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அறிந்த இயற்பியலே அறியாத உடையில் வந்து நிற்பதால், தனக்குப் பாடமே வராது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியிலும் நடத்தி வருகிறது. அந்தப் பிரிவுகளில் விருப்பம் இருந்தால் அது நல்ல வழி. ஆனால் தாங்கள் எழுதியபடி மின்னணுவியல் படிக்க விரும்பும் பெண்ணை, ஆங்கிலத்துக்கு அஞ்சி அங்கே திருப்பிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

பொதுத்தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் மாதங்கள் இதற்குப் போதுமானவை. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் ஒரே பாடநூலை இரு மொழிகளிலும் வெளியிடுகிறது. பிளஸ் டூ இயற்பியலின் ஆங்கிலவழி நூலை வாங்கி, அவளுக்கு நன்கு தெரிந்த ஒரு பாடத்தைத் தமிழ் நூலோடு அருகருகே வைத்து நாள்தோறும் இரண்டு பக்கம் படிக்கட்டும். மின்தடை, மின்னழுத்தம், ஒளிவிலகல் எல்லாம் ஏற்கெனவே புரிந்தவை என்பதால் புதிதாகக் கற்க வேண்டியது சொற்களையும் வாக்கியப் போக்கையும் மட்டுமே. படித்த பத்திக்கு மூன்று வரியில் ஆங்கிலத்திலேயே குறிப்பு எழுதிப் பழகினால், முதல் பருவத் தேர்வில் பேனா நிற்காது. பேச்சுப் பயிற்சி வகுப்புக்கும் அந்த மாதங்களே ஏற்ற காலம்.

கடிதத்தின் இறுதியில், சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கும் தங்கள் மைத்துனர் மகனோடு அவளை ஒப்பிட்டிருந்தீர்கள். மழலையர் வகுப்பிலிருந்தே எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் கேட்டு வளர்ந்தவன் அவன். அவளுக்கோ ஆங்கிலம் ஒரு நாளில் ஒரு பாடவேளை மட்டும். இந்த ஒப்பீட்டை அவள் காதுபட இனி எழுப்பாதிருப்பது நலம்.

தேர்வு முடிவில் ஆங்கில மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்திருந்தால், முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதை ஆசிரியரிடம் காட்டிய பிறகே மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று தீர்மானியுங்கள். அந்த முடிவுக்காகக் காத்திராமல் கலந்தாய்வுக்கான இணையப் பதிவைக் குறித்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். விருப்பக் கல்லூரிகளின் பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்பினால், வரிசையைச் சேர்ந்து பார்க்கலாம்.