ஹார்னியின் வாழ்வும் வாதமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உளப்பகுப்பாய்வாளர் கேரன் ஹார்னி குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். மனதின் ஆழத்தைப் பேச்சின்வழி ஆராயும் உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்டை அவர் மறுத்ததை அறிவுத்தளத்தில் நிகழ்ந்த எதிர்ப்பாகவே காட்டியிருக்கிறீர்கள். ஆனால் கண்டிப்பான தந்தை, கசந்த மணவாழ்க்கை, 1926இல் கணவரைப் பிரிந்தது, அதே ஆண்டில் ‘பெண்மையிலிருந்து தப்பியோடுதல்’ என்ற கட்டுரை என்று வரிசையாகப் பார்த்தால், சொந்த மனக்குறையையே கோட்பாடாக்கினார் என்றுதான் தோன்றுகிறது. பின்னாளில் பெண் உளவியல் பற்றி எழுதுவதையே அவர் ஏறக்குறைய விட்டுவிட்டதும் அதனால்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நீங்கள் அடுக்கிய செய்திகள் சரியானவை. ஹாம்பர்க் அருகே 1885இல் பிறந்த ஹார்னியின் தந்தை நார்வேயிலிருந்து வந்த கப்பல் கேப்டன். மதப்பற்றும் கண்டிப்பும் மிக்கவர். மகள் மேற்கொண்டு படிப்பதை விரும்பாதவர். ஆனால் ஹார்னி ஃப்ராய்டிடமிருந்து முதலில் மாறுபட்டது 1922இல், பெர்லினில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில், ஃப்ராய்டே தலைமை வகித்த அமர்வில். கணவரைப் பிரிவதற்கு அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பெண்ணிடம் ஆண்குறிப் பொறாமை, அதாவது ஆணுறுப்பு தனக்கில்லையே என்ற ஏக்கம், உண்டு என்ற ஃப்ராய்டின் கருத்தை அன்று அவர் மறுக்கவுமில்லை. மனித இனத்தில் பாதிப்பேர் தாம் பிறந்த பாலைக் குறையாகவே உணர்கிறார்கள் என்பது விளக்கமே வேண்டாத உண்மையாக ஏற்கப்பட்டது எப்படி என்று கேட்டு, அதற்குக் காரணம் ஆணின் தற்காதல் என்றார்.

1926ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம், பெண்குழந்தையைப் பற்றி ஒரு சிறுவன் மனதில் கொள்ளும் எண்ணங்கள். வலப்பக்கம், பெண்ணின் வளர்ச்சி பற்றி உளப்பகுப்பாய்வு சொல்பவை. அவளும் தன்னைப்போல் இருந்து உறுப்பை இழந்தவள் என்று சிறுவன் நம்புகிறான். தனக்கு இருந்தது பறிபோனதாகப் பெண் நம்புகிறாள் என்கிறது கோட்பாடு. அவளைத் தாழ்ந்தவளாகச் சிறுவன் கருதுகிறான். பெண் தன்னைத் தாழ்ந்தவளாகக் கருதுகிறாள் என்கிறது கோட்பாடு. அவளது பொறாமையைக் கண்டு சிறுவன் அஞ்சுகிறான். ஆணைப் பழிவாங்கும் விருப்பம் பெண்ணை வாழ்நாள் முழுதும் விடுவதில்லை என்கிறது கோட்பாடு. இந்த ஒப்பீடு செல்லுமா என்று பார்ப்பதற்கு ஹார்னியின் கணவர் எப்படிப்பட்டவர் என்று நாம் அறிய வேண்டியதில்லை. இரண்டு பக்கங்களையும் படித்தால் போதும். அவருடைய வாழ்க்கை, இந்தக் கேள்வி ஏன் அவருக்குத் தோன்றியது என்பதைச் சொல்லலாம். பதில் சரியா என்பதைச் சொல்லாது.

உங்கள் வாதத்தை ஃப்ராய்டே முன்வைத்திருக்கிறார். ஆண்குறிக்கான தன் சொந்த ஆசையின் தீவிரத்தை முழுதாக உணராத ஒரு பெண் பகுப்பாய்வாளர், நோயாளிகளிடமும் அதற்கு உரிய முக்கியத்துவம் தரத் தவறுவதில் வியப்பில்லை என்று, தன் மறைவுக்குப் பின் 1940இல் வெளிவந்த நூலில் பெயர் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறார். (இப்படிப்பட்ட வாதத்தை யாராலும் தோற்கடிக்க முடியாது: பெண் ஒப்புக்கொண்டால் கோட்பாடு மெய், மறுத்தாலோ மறுப்பே நோய்க்குறி.)

கருப்பைப் பொறாமை விஷயத்தில் எனக்கு ஹார்னியோடு உடன்பாடில்லை. கருவுறுதல், மகப்பேறு, பாலூட்டுதல் ஆகியவற்றின்மேல் ஆண் நோயாளிகளுக்கு இருந்த பொறாமையின் வலிமை தன்னை வியக்கவைத்தது என்று அதே 1926 கட்டுரையில் அவர் எழுதியது நேரடிக் கவனிப்பு. அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் எல்லாத் துறைகளிலும் ஆண்களின் படைப்பூக்கம் இதிலிருந்தே வந்திருக்கலாகாதா என்று, கேள்வியாகவேனும், அவர் நீட்டிச் செல்லும்போது ஒரு பாலின் உளவியலை உடலில் இல்லாத ஒன்றின் ஏக்கத்தால் விளக்கும் ஃப்ராய்டின் முறையையே தலைகீழாகக் கையாளுகிறார்.

பெண் உளவியல் பற்றி எழுதுவதை அவர் ஏறக்குறைய நிறுத்தியது தோல்வியால் அல்ல. உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் அழைத்ததன்பேரில் 1932இல் சிகாகோவுக்கும், இரண்டாண்டுகளில் நியூயார்க்குக்கும் சென்றவர், பெண்மை என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி பண்பாடு உருவாக்கியது என்ற முடிவை நோக்கி நகர்ந்தார். எது பெண்மை, எது அல்ல என்று கவலைப்படுவதையே நிறுத்திவிடலாம் என்று 1935இல் ஓர் உரையில் சொன்னார். அதன்பின் நியூரோசிஸ் எனப்படும் மனப்போராட்டக் கோளாறு பற்றி அவர் எழுதிய நூல்கள் பெரும்பாலும் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானவை. அவற்றின் பொருட்டே 1941இல் நியூயார்க் உளப்பகுப்பாய்வுச் சங்கம் அவருடைய பயிற்றுநர் தகுதியைப் பறித்தது. அவர் வெளியேறித் தனிச் சங்கம் அமைத்தார்.

ஹார்னியை விமர்சிக்க விரும்பினால் இங்கிருந்து தொடங்குங்கள். 1926இல் தாய்மை என்ற உடல்சார்ந்த ஆற்றலைக் காட்டி ஃப்ராய்டை எதிர்த்தவர், 1935இல் பண்பாட்டைக் காட்டிப் பெண்மை என்ற கேள்வியையே ஒதுக்கிவைக்கிறார். உடல் தரும் அந்த அனுபவம் பண்பாட்டு விளக்கத்தில் எங்கே பொருந்துகிறது என்பதற்கு, நான் வாசித்தவரையில், அவர் தெளிவாக விடை சொல்லவில்லை.