ஊர்க்காரி மாதிரி

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவள் நான். மகன் இங்கேயே பிறந்தவன், உயர்நிலை இரண்டில் படிக்கிறான். போன வாரம் எம்ஆர்டி ரயிலில் என் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசியிருப்பேன். "அம்மா, ஊர்க்காரி மாதிரி கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டில் சொன்னால் கணவர் சிரிக்கிறார். "நம்மளை நாமளே சுவாகுன்னு சொல்லிக்கிறோம், இதுக்குப் போய்க் கோவமா?" என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

உட்லண்ட்ஸ் வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. உங்கள் கணவர்தான் சேராத இரண்டு சொற்களை ஒன்றாகச் சேர்க்கிறார்.

'சுவாகு' ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிச் சொல். மலை ஆமை என்று பொருள். மலையை விட்டு இறங்காத ஆமைக்கு வெளியுலகம் தெரியாது, அவ்வளவுதான். புதுச் செயலியில் பணம் கட்டத் தெரியாமல் முழிக்கும்போது சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் "நான் கொஞ்சம் சுவாகு லா" என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்லிக்கொடுத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. 'உலு'வும் இந்த வகைதான். ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும் 'ஹுலு' என்ற மலாய்ச் சொல், எட்டாத தூரத்து இடங்களுக்கெல்லாம் அடைமொழியாகிவிட்டது. "அவன் வீடு ரொம்ப உலு" என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும் என்று அர்த்தம். ரயில் வந்தால் அந்தக் குறையும் போய்விடும். உலு பாண்டானின் பெயரில் இன்னும் உலு இருக்கிறது. அந்தப் பக்கம் இன்று வீடு வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

'ஊர்க்காரன்' இப்படித் தீர்ந்துபோகிற சொல் அல்ல. தமிழ்நாட்டில் "நம்ம ஊர்க்காரர்" என்றால் அதில் ஒரு சொந்தம் இருக்கும். இங்கே பல வாய்களில் அது, வேலைக்கு வந்த தமிழரை இங்கே பிறந்த தமிழர் தள்ளி நிறுத்தும் சொல். எப்போதும் வசவாகத்தான் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்னால் 'மாதிரி' வந்துவிட்டால் வசவேதான். ஊர்க்காரன் மாதிரி உடுத்துகிறான், ஊர்க்காரன் மாதிரி சாப்பிடுகிறான். அந்த மனிதர் பத்து வருடம் இங்கே உழைத்து, எல்லா ரயில் தடங்களையும் மனப்பாடமாக வைத்திருந்தாலும் அந்தப் பெயர் அவரை விடுவதில்லை. திருப்பிச் சொல்ல அவர் கையில் ஒரு சொல்லும் இல்லை. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

தேக்கா சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வாங்க நின்றிருந்தேன். முன்னால் நின்ற பெண்மணி, "கம்பத்துக் கோழிதானே? சாதாக் கோழியைக் குடுத்திராதீங்க" என்று இரண்டு முறை கேட்டு, கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். அதே நேரம், வரிசை எங்கே தொடங்குகிறது என்று புரியாமல் ஓரமாக நின்ற ஒரு தொழிலாளியைப் பார்த்து, "ஊர்க்காரங்களுக்குக் கியூவே தெரியாது" என்றார். சத்தமாகவே சொன்னார். அந்தத் தம்பி பின்னால் போய் நின்றுகொண்டார். நாட்டுக் கோழிக்கு இருக்கும் மரியாதை நாட்டுப்புறத்து மனிதருக்கு இல்லையே என்று அன்று எனக்கு ஆற்றமாட்டாத கோபம்.

சிங்கப்பூர் கிராமத்தை வெறுக்கிறது என்றும் சொல்ல முடியாது. கம்பம் என்றால் மலாயில் கிராமம்; கம்பத்து உணர்வு என்று மேடைதோறும் புகழ்கிறோம். 1960இல் அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தொடங்கிய பிறகு, ஒரு தலைமுறைக்குள் கம்பங்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. பெருநிலத்தில் மிஞ்சியது லோரோங் புவாங்கோக் ஒன்றுதான். உங்கள் உட்லண்ட்ஸிலேயே முதியோர் வீடுகள், மருந்தகம், உணவங்காடி எல்லாம் ஒரே கூரையின் கீழ் அமைந்த கட்டடத்துக்குக் கம்போங் அட்மிரல்ட்டி என்று பெயர் வைத்தோம். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அது ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த உணர்வு எப்படி வளர்ந்தது? ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் குரல் கொடுத்துத்தானே! வயலின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை உங்களுடையது. அது நாகரிகக் குறைவல்ல.

சொற்களை அலசும்போது இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகன் காதிலும் விழுந்திருக்கும். ஆச்சரியப்பட்டு வாய் பிளப்பவரை மலாய் இளைஞர்கள் 'ஜாக்கூன்' என்பார்கள். நம் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். நம்மிடம் பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த பழமொழி இருக்கிறதே, அதே கேலி. ஆனால் ஜாக்கூன் என்பது ஜொகூரிலும் பகாங்கிலும் வாழும் ஒரு பழங்குடி மக்களின் பெயர். ஓர் இனத்தின் பெயரையே வசவாக்கியது அது. இன்னொன்று, சினிமாவிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் வந்து சேர்ந்த 'சேரி பாஷை'. இதில் இடத்தைச் சொல்லிச் சாதியைத் திட்டுகிறோம். தொல்காப்பியம், "சேரி மொழியால்" செவ்வையாகச் சொல்லி, ஆராயாமலே பொருள் விளங்கும் செய்யுளைப் 'புலன்' என்று பெயரிட்டு, செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்தச் சொல்லையா நாம் இந்த நிலைக்குக் கொண்டுவந்தோம்!

மகனிடம் கோபப்பட வேண்டாம். வண்டிக்குள் மெதுவாகப் பேசச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. "அம்மா, மெதுவா" என்றால் போதுமே. அதை அவனிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரின் பெயர் அவனுக்குத் தெரியுமா? 'தமிழ்நாடு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதைச் சொல்லுங்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் ஊர்ப் பெயரிலேயே இங்கே சங்கம் வைத்து நடத்துகிறார்கள், அதையும் சொல்லுங்கள். சுவாகு, உலு எல்லாம் வீட்டில் புழங்கட்டும். ஜாக்கூனும், 'ஊர்க்காரன் மாதிரி'யும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன்னால் கணவரிடம் பேசுங்கள். பையன் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் கேட்டிருக்க மாட்டான்.

அன்புடன்.