சொல்லக் கூசும் உபாதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்து, பிறகு ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலை இணைத்தார்கள். மலம் வெளியேற வயிற்றில் வைத்த தற்காலிகப் பையை எடுத்து, அந்தத் திறப்பை மூடி 5 மாதங்கள் ஆகின்றன. நாளுக்கு 15 முறை கழிப்பறைக்கு ஓடுகிறார். போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடியும். தூக்கத்தில் கசிந்துவிடுகிறது. வெளியே போவதையே நிறுத்திவிட்டார். “உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா?” என்கிறார்.

மா.

அன்புள்ள மா.,

சொல்லத்தான் வேண்டும். உயிர் பிழைத்தவர் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்த எண்ணத்தால் எத்தனையோ பேர் வாய்மூடித் துன்பப்படுகிறார்கள் என்பதில் எனக்குக் கோபமே உண்டு.

அப்பாவுக்கு இருப்பது பெரும்பாலும் மருத்துவர்கள் ‘லார்ஸ்’ (LARS) என்று சொல்லும் நிலை; மலக்குடலை வெட்டி இணைத்த பிறகு வரும் கழிப்புச் சிக்கல்களுக்கான பெயர் அது. ஆசனவாயை மூடி வைக்கும் சுருக்குத்தசையைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் மலத்தைத் தேக்கி வைத்திருந்த பை போன்ற பகுதி போய்விட்டது. அந்த இடத்துக்கு இழுத்து இணைத்த பெருங்குடலுக்கு அவ்வளவு கொள்ளளவு கிடையாது. இணைப்பு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு சிரமம். கதிர்வீச்சு அதை இன்னும் கூட்டும்.

ஆனால் எல்லாவற்றையும் லார்ஸ் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இணைப்பு சுருங்கிப்போனாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போகும். அதை விரித்துச் சரிசெய்ய முடியும். இணைப்பில் கசிவு சில வேளை மாதங்கள் கழித்துக்கூடத் தெரியவரும். காய்ச்சல், இடுப்புக்குள் வலி, சீழ் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

டென்மார்க் மருத்துவர்கள் 2012இல் லார்ஸின் கடுமையை அளக்க 5 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். மொத்தம் 42 மதிப்பெண். 30 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமை. வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவருக்கு ஒரு தாளை நீட்டுவது எளிது. அதை டாக்டரிடம் கேட்டு வாங்கி நிரப்பச் சொல்லுங்கள்.

சிகிச்சைகள் உண்டு. மருத்துவர் அளவு சொல்லித் தரும் லோபரமைடு என்ற வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்து, நார்ச்சத்து, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி ஆகியவற்றில் தொடங்குவார்கள். போதாவிட்டால் ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை இருக்கிறது. முறையாகக் கற்றுக்கொண்டவர்களில் பலருக்கு அடுத்த பல மணி நேரம் நிம்மதி கிடைக்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் பலருக்குத் தானாகவும் ஓரளவு குறையும். எதுவுமே பலிக்காதபோது, நிரந்தரப் பையைத் தாமே கேட்டுப் பெற்று நடமாடத் தொடங்கியவர்களும் உண்டு.

சிறுநீர்த் தொந்தரவு, தாம்பத்தியச் சிக்கல் இரண்டும் இந்த அறுவையில் நரம்புகள் பாதிக்கப்படுவதால் வரக்கூடியவை. மகளிடம் அப்பா பேசமாட்டார். டாக்டரிடம் அவர் தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.