கேஸ் வேற, நுரை வேற: சோடாக்காரர் பதில்கள்

தண்டையார்பேட்டையில முப்பது வருஷம் கோலி சோடா போட்டவன் நான். மிஷினை வித்தாச்சு, வாய் மட்டும் மிச்சம். சோடா, கலர், நுரை, எது வேணா கேளுங்க.

ராயபுரம்: அண்ணே, வெறும் சோடா ஊத்தினா நுரை உடனே அடங்குது. கோலா டம்ளர் விளிம்பு வரைக்கும் ஏறி நிக்குது. அதுல கேஸ் ஜாஸ்தியா?

இல்ல தம்பி. கேஸ் வேற, நுரை வேற. குமிழ் ரெண்டுலயும்தான் கிளம்புது. மேல வந்ததும் உடையுதா, நிக்குதான்றதுதான் சங்கதி. வெறும் தண்ணியில குமிழோட தோல் சட்டுனு கிழிஞ்சிடும். அதைத் தாங்க ஏதாவது வேணும். கோலாவுல நிறத்துக்குப் போடுற கேரமல் கொஞ்சம் தாங்குது. அமெரிக்காக்காரன் குடிக்கிற ரூட் பியர்ல நுரைக்காகவே குயிலாயா மரப்பட்டைச் சாறு, யூக்கா செடிச் சாறு சேர்ப்பாங்க. அதுல இருக்கிற சரக்குக்கு சப்போனின்னு பேரு. பூந்திக்கொட்டையைக் கசக்கினா நுரை வருதே, அதே சரக்குதான்.

கொருக்குப்பேட்டை: டயட் கோலாவுல மிட்டாய் போட்டா ஆளுயரத்துக்குப் பீச்சுதே, அது என்ன ரியாக்‌ஷன்?

ரியாக்‌ஷனே இல்ல. டோன்யா காஃபின்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியை 2008-ல ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. அந்தப் புதினா மிட்டாயோட மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. ஒவ்வொரு பள்ளத்துலயும் குமிழ் பொறக்குது. டயட்ல இருக்கிற அஸ்பார்டேம், பொட்டாசியம் பென்சோயேட் ரெண்டும் குமிழ் உண்டாகறதைச் சுலபமாக்குது. கண்ணாடி பாட்டில்ல மட்டும் பசங்க இதைச் செய்யக் கூடாது.

வியாசர்பாடி: எந்தக் கலர்ல கேஸ் ஜாஸ்தி?

மேல படிங்க.

எண்ணூர்: வெயில்ல வந்த பாட்டில் மட்டும் ஏன் பொங்கி வழியுது?

குளிர்ந்த தண்ணிதான் கேஸைப் புடிச்சு வைக்கும். சாதாரணக் காத்தழுத்தத்துல, 0 டிகிரியில லிட்டருக்கு 3.3 கிராம். 25 டிகிரியில பாதிகூட நிக்காது. மறுபடியும் சொல்றேன், கண்ணாடி பாட்டிலை வெயில்லயும் வைக்காதீங்க, ஃப்ரீசர்லயும் வைக்காதீங்க.

புளியந்தோப்பு: சோடா குடிச்சா வயித்துப்புண் ஆறுமா?

டாக்டரைப் பாருங்க.

காசிமேடு: லெமன் சோடாவுல உப்பு போட்டதும் பொங்குதே, அதாவது ரியாக்‌ஷன்தானே?

அதுவும் இல்ல நைனா. கழுவின மணலைப் போட்டாலும் பொங்கும். உப்புக் கல்லோட இடுக்குல காத்து ஒட்டியிருக்கும், கேஸ் அங்கதான் வந்து சேரும். அதனால எலுமிச்சம்பழச் சாறுலயே உப்பைக் கரைச்சுட்டு, டம்ளரைச் சாய்ச்சு சோடாவை ஓரமா ஊத்துங்க. கரைஞ்ச உப்பு அவ்வளவு ஆட்டம் போடாது.

பெரம்பூர்: ஒத்துக்க மாட்டேன். எங்க கடையில கடைசியாதான் உப்பு. பொங்குறதைப் பாத்துத்தான் ஜனம் வருது.

பொங்கி வெளிய போறது கேஸு. காசு குடுத்தவன் வாயில ஏறணும் அது, டேபிள்ல இல்ல.

ராயபுரம்: பெரம்பூர் சொல்றதுதான் கரெக்ட். நுரை இல்லாட்டி அது லெமன் ஜூஸு.

தம்பி, நீயுமா? நாக்குல சுருக்குனு ஏறுதே, அது தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கிற கேஸால. நுரையால இல்ல. ரெண்டு டம்ளர்ல ரெண்டு விதமா போட்டு, கண்ணை மூடிக் குடிச்சுப் பாரு. அப்புறம் பேசு.

திருவொற்றியூர்: எங்க ஆயா உப்புக்குப் பதிலா ஆப்ப சோடா போடும். அது?

அது ஒண்ணுதான் நெஜ ரியாக்‌ஷன். எலுமிச்சைப் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்து புதுசா கேஸ் உண்டாக்கும். ஆயாகிட்ட சொல்லுங்க, சிட்டிகை போதும், மீந்தா காரல் அடிக்கும்.

மூலகொத்தளம்: கோலி எதுக்கு?

மூடி அதான். ஹிராம் காட்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1872-ல கண்டுபுடிச்சது. உள்ள இருக்கிற கேஸே கோலியை வாஷர்ல அழுத்திப் புடிக்கும்.

எம்.கே.பி. நகர்: எந்தக் கலர்ல கேஸ் ஜாஸ்தி அண்ணே?

மேல படிங்கன்னு இதுக்கு மேலயே எழுதியிருக்கேன்.

பெரம்பூர்: குடிச்சுப் பாத்துட்டேன். அப்பவும் உப்பு கடைசியாதான்.

அப்ப டேபிள் தொடைக்கிற பையனுக்கு ரெண்டு ரூபா சேர்த்துக் குடுங்க.